நகலெடுத்த நிரலில் மறந்த பெயர்

கணினி நிரல் எழுதுவோர் அனைவரிடமும் ஒரு பழக்கம் உண்டு. முன்பே எழுதிச் சரிபார்த்த ஒரு பகுதியை நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டி, சில பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்வதுதான் அது. அவசரத்துக்கு அது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. விலை பின்னர்தான் தெரியவருகிறது.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சிபி-மைனர்' என்கிற கருவியைக் கொண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலை ஆராய்ந்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 1,90,000 நகல் பகுதிகளை அக்கருவி இருபது நிமிடங்களுக்குள் இனங்கண்டது. நகலெடுத்ததால் விளைந்த பிழைகளாக 28 சிக்கின.

அவற்றுள் ஒன்று, ஸ்பார்க் வகைச் செயலிகளுக்கான நினைவகப் பகுதியில் இருந்தது. ஒரு பட்டியலை நிரப்பும் வரிகளை நகலெடுத்து, மற்றொரு பட்டியலுக்குப் பயன்படுத்தியிருந்தார் நிரலாளர். பிற இடங்களில் புதிய பட்டியலின் பெயரை இட்டவர், ஒரு வரியில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டார். இலக்கணப்படி அந்த வரியில் குற்றமில்லை. எனவே, கணினியும் எச்சரிக்கவில்லை; படித்தவர் கண்ணும் அதைக் கடந்து சென்றுவிட்டது.

இத்தகைய நகல்களைக் கண்டறிய, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது பயன்தராது. பெயர் மாறியதுமே நகல் தப்பிவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் விவரித்த 'சிசிஃபைண்டர்' கருவி, பெயர்களையெல்லாம் ஒரே பொதுக்குறியாக மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட்டது. வேறு சில கருவிகள் நிரலின் இலக்கண அமைப்பையே கிளைகளாக விரித்துப் பொருத்திப் பார்க்கின்றன. ஒரே பணியை முற்றிலும் வேறு வழியில் செய்யும் நிரல்களை இனங்காண்பதுதான் இன்றளவும் கடினம்.

கண்டறிந்த நகல்களை ஒரே செயற்கூறாக இணைப்பது நிரல் மறுசீரமைப்பின் முக்கியப் பணி. மார்ட்டின் ஃபௌலர், 1999-இல் வெளியான தமது நூலில், சீர்கெட்ட நிரலின் அறிகுறிகளுள் முதலாவதாக நகலையே குறிப்பிட்டார். ஆனால், எல்லா நகலும் தீங்கல்ல என்று கனடாவின் காப்சரும் காட்ஃப்ரேயும் 2006-இல் வாதிட்டனர். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒன்றுபோல் தோன்றும் இரு வன்பொருள்களுக்கான நிரல்களை இன்று இணைத்தால், நாளை அவ்வன்பொருள்கள் வேறுபடும்போது பொதுக்கூறு நிபந்தனைகளால் நிறைந்து, எவருக்கும் புரியாததாகிவிடும்.

ஒன்றில் பிழை திருத்தினால் மற்றதிலும் திருத்தியாக வேண்டுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஆம் எனில், இணைக்கலாம்; அதுவும், இரண்டின் நடத்தையையும் சோதிக்கும் நிரல்களை எழுதி வைத்துக்கொண்ட பிறகே. இல்லையெனில், நகல் எங்குள்ளது என்கிற குறிப்பை இரு இடங்களிலும் எழுதிவைத்தால் போதும். கருவி எத்தனை நகல்களைப் பட்டியலிட்டாலும், இக்கேள்விக்கான விடையை அந்நிரலை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.