ரசூலன் பீவியின் கணவர்

என் பெரிய பையன் ஒரு மாதமாக விடியற்காலை நாலரைக்கே எழுந்து ஏரிக்கரையில் ஓடுகிறான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். "பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்துக் கொடும்மா" என்று தினமும் நச்சரிப்பு. நான் பிடி கொடுக்கவில்லை. எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பெற்ற வயிறு கேட்கிறதா, சொல்லுங்கள்!

"முதலில் அப்துல் ஹமீதைப் பற்றிப் படி, அப்புறம் பேசு" என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தான். மத்தியானம் அடுப்படி வேலை முடிந்ததும் உட்கார்ந்து படித்தேன்.

உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டம், தாமுப்பூர் கிராமம். பிறந்தது 1933-ல். அப்பா தையல்காரர், பிள்ளையும் தையல் வேலையில் கூடமாட இருந்தவர்தான். 1954-ல் காலாட்படையில் சேர்ந்தார். 1965 யுத்தத்தின்போது 4-வது கிரெனேடியர்ஸ் படையில் அவர் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அதாவது ரேஷன், உடுப்பு, தளவாடம் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். நாம் வீட்டில் செய்கிற வேலைதான், கொஞ்சம் பெரிய குடும்பம்! இதைப் படித்ததுமே அவர் எனக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

செப்டம்பர் 10, காலை எட்டு மணி. பஞ்சாபில் கேம்கரண் பக்கம் சீமா கிராமம். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் திரளாக வந்தன. ஒவ்வொன்றும் 40 டன்னுக்கு மேல் கனம். முன்புறம் தடித்த இரும்பு. ஹமீதிடம் இருந்ததோ ஜீப்பில் பூட்டிய ரீகாயில்லெஸ் பீரங்கி. அது சுடும்போது பின்பக்கம் நெருப்பும் புழுதியும் பீறிட்டு, இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சுட்ட கையோடு நகர்ந்தாக வேண்டும். ஜீப்புக்குக் கவசமும் கிடையாது.

பக்கவாட்டில் போய் முன்னால் வந்த டாங்கியை அடித்தார். சட்டென்று இடம் மாறி இன்னொன்றைக் கொளுத்தினார். அதற்குள் எதிரிகள் பார்த்துவிட்டார்கள். நாலா பக்கமும் குண்டு. அப்போதும் அடுத்த டாங்கியைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தவர் மேல் ஒரு குண்டு விழுந்தது. வயது 32.

நாட்டின் மிக உயர்ந்த போர் விருதான பரம் வீர் சக்ராவை, 1966 குடியரசு தினத்தில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன், நம் திருத்தணிக்காரர், ரசூலன் பீவியின் கையில் கொடுத்தார். அந்தப் பதக்கத்தை வரைந்ததும் ஒரு பெண்தான்: சாவித்திரி கானோல்கர், இந்திய ராணுவ அதிகாரியை மணந்த ஐரோப்பியப் பெண்மணி.

எல்லாரும் டாங்கிக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். எனக்கு ரசூலன் பீவியைத் தாண்டி மனசு போகவில்லை. 2019 வரை இருந்தார் அந்த அம்மாள். 53 வருஷத்துக்கு மேல்!

ராத்திரி பையன் கேட்டான், "படிச்சியாம்மா?"

"படிச்சேன்டா."

"மார்க் ஷீட்?"

பீரோ சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் நாலரை மணிக்கு அலாரம் வைப்பதும் நான்தான்.