777 குடுத்தும் கதவு திறக்கலையா? சாம்பாவும் எஸ்இலினக்ஸும்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சர்வர் ரூம் பக்கம் போகுது.

ஆபீஸ்ல எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்க ஒரு பொது ஃபோல்டர் கேக்குறாங்கன்னு வச்சுக்கோங்க. நீங்க ராக்கி லினக்ஸோ ஃபெடோராவோ இருக்கிற ஒரு மெஷினில் சாம்பாவை இன்ஸ்டால் பண்றீங்க. சம்பா அரிசி இல்லைங்க, சாம்பா! விண்டோஸ் லேப்டாப்பும் லினக்ஸ் சர்வரும் ஃபைல் பகிர்ந்துகொள்ள உதவுகிற மென்பொருள். /டேட்டா என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி ஷேர் பண்ணியாச்சு. பாஸ்வேர்டு சரி, ஃபயர்வால் சரி, கடுப்பில் பெர்மிஷன் 777 கூடக் குடுத்தாச்சு. ஆனாலும் விண்டோஸ் பக்கம் 'ஆக்சஸ் டினைட்'.

இணையத்தில் தேடினால் சட்டென்று கிடைக்கிற வைத்தியம் ஒன்றுதான்: 'செட்என்ஃபோர்ஸ் 0' போடு. போட்டதும் ஷேர் திறந்துவிடும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. கொளுத்தாமலே இதை எப்படிச் சரி பண்றது, ஏன் அப்படிப் பண்ணணும்? அதுதான் இன்னைக்கு விஷயம்.

ஓனர் சொன்னா போதாதா?

நமக்குப் பழகின லினக்ஸ் பெர்மிஷனில் முடிவு ஓனர் கையில் இருக்கிறது. உங்க ஃபிளாட் சாவியை யாருக்கு வேணும்னாலும் நீங்க குடுக்கலாம், அந்த மாதிரி. எஸ்இலினக்ஸ் அதற்கு மேல் இன்னொரு கதவு. அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் அசோசியேஷன் ஒரு லிஸ்ட் குடுத்திருக்கு. லிஸ்டில் பேர் இல்லைன்னா, ஓனரே ஃபோன் பண்ணினாலும் அவர் உள்ளே விடமாட்டார். இதைத்தான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்கிறோம்.

இதை உருவாக்கி 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ. 2003-இல் லினக்ஸ் 2.6 கெர்னலுக்குள் வந்தது. 2005-இல் வெளியான ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4-இல் இருந்து அந்தக் குடும்பத்து சர்வர்களில் இது கூடவே வருகிறது.

ஸ்டோரேஜ் சர்வருக்கு இது ஏன் ரொம்ப முக்கியம்? சாம்பாவின் முக்கிய புராசஸான எஸ்எம்பிடி, ரூட் அதிகாரத்தோடுதான் தொடங்குகிறது. லாகின் பண்ணுகிற ஒவ்வொரு யூசராகவும் மாறி வேலை செய்ய அதற்கு அந்த அதிகாரம் தேவை. அந்த புராசஸையே ஒருவன் கைப்பற்றிவிட்டால்? ரூட்டுக்கு முன்னால் 755, 700 எல்லாம் வெறும் எண்தான். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி மட்டும்தான் மிச்சம்.

2017 மே மாதம் நடந்தது

இது கற்பனைக் கதை இல்லை. 2017 மே 24-ஆம் தேதி சாம்பாவில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. அதன் எண் சிவிஇ-2017-7494. வான்னாக்ரை உலகத்தையே கலங்கடித்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம், அதனால் இதற்கு 'சாம்பாக்ரை' என்றே பேர் வந்துவிட்டது. 2010-இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்தே அந்த ஓட்டை உள்ளே இருந்திருக்கிறது.

தாக்குதல் ரொம்ப எளிமை. எழுத அனுமதி இருக்கிற ஒரு ஷேரில், தீங்கான கோட் உள்ள ஒரு லைப்ரரி ஃபைலைப் போடணும். பிறகு அதை லோட் பண்ணச் சொல்லி சாம்பாவையே ஏமாத்தணும். அவ்ளோதான், சர்வருக்குள்ளே அந்தக் கோட் ஓடும்.

எஸ்இலினக்ஸ் இயங்கிக்கொண்டிருந்த சர்வரில் என்ன ஆகும்? ஷேரில் இருக்கிற ஃபைலை சாம்பா படிக்கலாம், எழுதலாம். ஆனால் அதை ஒரு புரோகிராமாக லோட் பண்ண வழக்கமான பாலிசி அனுமதிப்பதில்லை. எஸ்இலினக்ஸின் வழக்கமான பாலிசி இந்தத் தாக்குதலைத் தடுக்கிறது என்று ரெட் ஹேட்டும் சொன்னது. அதுக்காக அப்டேட் போடாம இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. அப்டேட் வருகிற வரைக்கும் வாசலில் ஒரு ஆள் நின்றார், அவ்வளவுதான். 'செட்என்ஃபோர்ஸ் 0' போட்டிருந்த சர்வரில் அந்த ஆளும் இல்லை.

எல்லாமே லேபிள் கணக்குதான்

செக்யூரிட்டியின் லிஸ்ட் எப்படி இருக்கும்? ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எந்த லேபிளை என்ன செய்யலாம் என்பதுதான் பாலிசி. எஸ்எம்பிடி புராசஸின் லேபிள் 'எஸ்எம்பிடி_டி'. அது படித்து எழுத வேண்டிய ஃபைல்களின் லேபிள் 'சாம்பா_ஷேர்_டி'. நீங்க ரூட் டைரக்டரிக்குக் கீழே புதுசா உருவாக்கின /டேட்டாவுக்கோ 'டீஃபால்ட்_டி' என்கிற லேபிள்தான் கிடைக்கும். 'எல்எஸ்' கட்டளையோடு மைனஸ் பெரிய இசட் சேர்த்துப் பாருங்க, தெரியும். லிஸ்டில் 'டீஃபால்ட்_டி' இல்லை, கதவும் திறக்காது. 777 குடுத்தது வீண்தான், ஏன்னா பிரச்சினை அந்தக் கதவில் இல்லை.

சரி பண்ண மூணு கேள்வி. இதே வரிசையில் கேளுங்க.

முதல் கேள்வி: தடுத்தது எஸ்இலினக்ஸ்தானா? கெர்னல் முதலில் சாதாரண பெர்மிஷனைத்தான் பார்க்கும். அதில் தேறினால்தான் எஸ்இலினக்ஸிடம் போகும். அதனால் பெர்மிஷனை முதலில் சரிபாருங்கள். பிறகு 'ஏயூசர்ச்' கட்டளையில் மைனஸ் எம் போட்டு 'ஏவிசி' என்று தேடுங்கள். தடுத்திருந்தால் ஒரு வரி கிடைக்கும். அதில் மூன்றே விஷயம் பாருங்கள்: யார் கேட்டது, எதைக் கேட்டது, என்ன செய்ய முயன்றது. 'எஸ்எம்பிடி_டி', 'டீஃபால்ட்_டி', 'ரைட்' என்று இருந்தால் நோய் தெரிஞ்சாச்சு.

இரண்டாவது கேள்வி: லேபிள் சரியா? பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கட்டளைக்கு மைனஸ் ஏ, மைனஸ் டி கொடுத்து, லேபிளாக 'சாம்பா_ஷேர்_டி'யையும் பாதையாக /டேட்டாவையும் சொல்லணும். பாதைக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஸ்லாஷ், புள்ளி, நட்சத்திரம். வெளியே ஒரு கேள்விக்குறி. மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள் போடுங்க. இந்த ஃபோல்டரும் இதற்குள் வரும் எல்லாமும் என்று அதற்குப் பொருள். ஆனா இது ரூலை எழுதி வைக்கிறது மட்டும்தான். ஏற்கெனவே இருக்கிற ஃபைல்களில் லேபிளை ஒட்ட, அடுத்து 'ரீஸ்டோர்கான்' கட்டளையை மைனஸ் பெரிய ஆர், சின்ன வி சேர்த்து /டேட்டா மேல் ஓட்டணும்.

'சிஎச்கான்' என்று ஒரு குறுக்கு வழியும் இருக்கு. அது லேபிளை ஒட்டும், ரூலை எழுதாது. அடுத்த முறை யாராவது சிஸ்டத்தை ரீலேபிள் பண்ணும்போது ஒட்டினது போயிடும். சோதனைக்கு ஓகே, நிரந்தரத்துக்கு வேண்டாம்.

இங்கே இன்னொரு பொறி இருக்கு. ஒரே ஷேரில் ஒன்பது ஃபைல் திறக்குது, ஒண்ணு மட்டும் திறக்கலை. அப்படின்னா, அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. 'சிபி' போட்டு காப்பி பண்ணினால் புது ஃபைல், புது இடத்தின் லேபிள். 'எம்வி' போட்டு நகர்த்தினால் பழைய லேபிளையே சுமந்துகொண்டு வரும். யாரோ தன் ஹோம் டைரக்டரியிலிருந்து நகர்த்தியிருந்தால் அதில் 'யூசர்_ஹோம்_டி' ஒட்டியிருக்கும். மறுபடி 'ரீஸ்டோர்கான்', முடிஞ்சது.

மூன்றாவது கேள்வி: இதுக்குன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கா? பாலிசியை எழுதியவர்களே பொதுவான தேவைகளை யோசித்து, பூலியன் என்கிற ஆன்-ஆஃப் ஸ்விட்சுகளை வைத்திருக்கிறார்கள். யூசர்களின் ஹோம் டைரக்டரிகளை சாம்பா வழியாகத் தர வேண்டுமா? 'சாம்பா_எனேபிள்_ஹோம்_டிர்ஸ்' ஸ்விட்சை 'செட்எஸ்ஈபூல்' கொண்டு ஆன் பண்ணுங்க. மைனஸ் பெரிய பி சேர்த்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்கும். பக்கத்திலேயே 'சாம்பா_எக்ஸ்போர்ட்_ஆல்_ஆர்டபிள்யூ' என்று ஒன்று இருக்கும். லேபிள் பார்க்காமல் எல்லா இடத்தையும் சாம்பாவுக்குப் படிக்க, எழுதத் திறந்துவிடுகிற ஸ்விட்ச் அது. கேட்டை அகலத் திறந்து வச்சுட்டு செக்யூரிட்டியை நாற்காலியில் உட்கார வைக்கிற மாதிரி. அதைத் தொட வேண்டாம்.

ஒரே ஃபோல்டரை சாம்பாவும் வெப் சர்வரும் சேர்ந்து பயன்படுத்தணும்னா 'சாம்பா_ஷேர்_டி' போதாது. அதுக்கு 'பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி' என்கிற பொது லேபிள் இருக்கு. அதில் சாம்பா எழுதவும் வேண்டுமென்றால் 'எஸ்எம்பிடி_அனான்_ரைட்' ஸ்விட்சையும் ஆன் பண்ணணும்.

சாவி செஞ்சு குடுக்காதீங்க

'ஆடிட்2அலவ்' என்று ஒரு கருவி இருக்கிறது. தடுக்கப்பட்ட வரிகளைப் படித்து, அதை எல்லாம் அனுமதிக்கும் ரூலைத் தானே எழுதிக் கொடுக்கும். வசதிதான். ஆனா யோசிங்க: /டேட்டாவில் லேபிள் தப்பாக இருக்கும்போது இதை ஓட்டினால், 'டீஃபால்ட்_டி' ஒட்டிய எதிலும் சாம்பா எழுதலாம் என்று ரூல் வரும். ஒரு ஃபோல்டருக்கான தேவை, இனி எல்லாருக்கும் திறந்த வாசல்.

இன்னும் மோசமான நிலை, அந்தத் தடை வரி ஒரு தாக்குதலின் தடயமாக இருந்தால்? சாம்பாக்ரை மாதிரி ஒன்று நடக்கும்போது லாகில் விழுவதும் இதே மாதிரி ஒரு 'டினைட்' வரிதான். திருடன் பூட்டை உலுக்குற சத்தம் கேட்டு, நாமே சாவி செஞ்சு குடுத்த மாதிரி ஆயிடும். அதனால் அந்தக் கருவி கடைசி வழி. அது எழுதின ரூலை வரி வரியாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் ஏற்ற வேண்டும்.

தேட நேரம் வேணும், அதுவரை வேலை ஓடணும்னு நெருக்கடி வந்தா? மொத்த சர்வரையும் விட்டுடாதீங்க. 'செமேனேஜ் பெர்மிசிவ்' கட்டளையில் மைனஸ் ஏ போட்டு 'எஸ்எம்பிடி_டி'யை மட்டும் சொல்லுங்க. சாம்பாவுக்கு மட்டும் தடை நிற்கும், ஆனால் மீறல் எல்லாம் லாகில் பதிவாகும். மற்ற சர்வீஸ்கள் பழையபடி காவலில் இருக்கும். வேலை முடிந்ததும் மைனஸ் டி போட்டு மறக்காமல் திரும்ப எடுத்துவிடுங்கள்.

ஒரு ஷேர் ஃபோல்டர்ல இருக்கிறது பெரும்பாலும் நம்ம ஃபைல் இல்லை. அக்கவுண்ட்ஸ் டீமோட சம்பளப் பட்டியல், ஹெச்ஆர் வச்சிருக்கிற ஆதார் நகல், இப்படி யார் யாரோ நம்பி வச்சது. அதைக் காக்க இரண்டு கட்டளை அதிகம் அடிக்கிறது பெரிய வேலை இல்லை.

இன்னைக்கே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க பொறுப்பில் இருக்கிற ரெட் ஹேட் குடும்பத்து சர்வரில் 'கெட்என்ஃபோர்ஸ்' அடிங்க. 'என்ஃபோர்சிங்'னு வந்தா நிம்மதி. 'பெர்மிசிவ்'னு வந்தா, அதை மாத்தினவர் ஏன் மாத்தினார்னு ஏவிசி லாகில் தேடிப் பாருங்க. அனேகமா ஒரே ஒரு ஃபோல்டரோட லேபிள்தான் காரணமா இருக்கும்.

சந்தேகம் இருந்தா கேள்வி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். பை மக்களே!