சுந்தரவனத்தில் வேட்டையும் விழிப்பும்

கொல்கத்தாவின் சியால்டா நிலையத்தில் மின்சார ரயிலேறிக் கேனிங்கில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகக் கோட்காளி படித்துறையை அடைந்தால், பேருந்தும் ரயிலும் செல்லாத வேறோர் உலகம் தொடங்குகிறது. மாநகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுதான். அதற்கு அப்பால் விசைப்படகே வாகனம். ஆறுகளும் ஓடைகளுமே வீதிகள்.

இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் சுந்தரவனம், உலகிலேயே மிகப் பெரிய அலையாத்திக் காடு. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. 1987-ல் இதன் இந்தியப் பகுதியிலுள்ள தேசியப் பூங்கா உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இங்கு வருகிறவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “புலி தெரியுமா?” தெரியாமல் திரும்புகிறவர்களே அதிகம். ஆனால் இரையாகும் உயிர்களைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவர் ஒருநாளும் வெறுமையாய்த் திரும்புவதில்லை.

அலையே அங்குச் சட்டம்

நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறி, இருமுறை வடிகிறது. நீர் ஏறும்போது காட்டின் அடிப்பகுதி மறைந்துபோகும். வடிந்தபின் பளபளக்கும் சேற்றுக் கரை வெளிப்படும். மூச்சு விடுவதற்காக மரங்களின் வேர்கள் ஈட்டிகளைப்போலச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும், துடுப்புகளால் தத்திச் செல்லும் சேற்று மீன்களும் அப்போது வெளியே வரும். அவற்றைக் குறிவைத்து மீன்கொத்தியும் கொக்கும் காத்திருக்கும். குளிர்காலமானால் உப்புநீர் முதலைகள் வெயில் காயக் கரையேறிக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது அடித்து வரப்பட்ட மரத்துண்டு போலவே தோன்றும்.

அந்தச் சேற்றில்தான் புலியின் அடிச்சுவடும் பதிகிறது. அடுத்த அலை அதை அழித்துவிடும். ஆகவே கரையில் தெளிவான சுவடு தெரிந்தால், நீர் வடிந்தபின்னரே புலி அவ்வழியே சென்றது என்று வழிகாட்டிகள் அறிந்துகொள்வார்கள்.

இரையின் கண்களால் காண்க

சுதன்யகாலி கண்காணிப்புக் கோபுரத்தின் அருகே ஒரு நன்னீர்க் குளம் உண்டு. உப்பு நீரே சூழ்ந்த அந்த நிலத்தில் நன்னீர் அரிய பொருள். புள்ளிமான்களும் காட்டுப்பன்றிகளும் அங்கு வருகின்றன. அவற்றைத் தேடிப் புலியும் வருவதுண்டு.

மான் தனியே மேய்வதைவிடக் குரங்குகள் இருக்கும் மரத்தடியில் மேய்வதையே விரும்புகிறது. கேவ்ரா மரத்தின் மேலிருந்து குரங்குகள் உதிர்க்கும் இலையும் காயும் அதற்கு எளிய உணவு. மேலிருந்து தொலைவு வரை காணும் குரங்கின் கண் அதற்குக் காவல். ஆபத்தை உணர்ந்த மான் முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலை உயர்த்தும், கூர்மையாய் ஒரு குரல் எழுப்பும். அக்கணமே கூட்டம் முழுவதும் அசைவற்று ஒரே திசையை நோக்கும். அத்திசையில்தான் நீங்களும் நோக்க வேண்டும்.

வேட்டையாடும் புலியின் பாடும் எளிதன்று. அதன் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை வீணாகின்றன. ஈட்டி வேர்களும் முழங்கால் அளவுச் சேறும் நிறைந்த இடத்தில் அது துரத்த இயலாது. பதுங்கியே நெருங்க வேண்டும். அகன்ற ஆறுகளையும் அது நீந்திக் கடக்கிறது. மான் கிடைக்காதபோது மீனையும் நண்டையும் தின்கிறது. சுந்தரவனப் புலிகள் மத்திய இந்தியப் புலிகளைவிட எடை குறைந்தவை. 2018 கணக்கெடுப்பில் 88 ஆக இருந்த இந்தியப் பகுதியின் புலிகள், 2022 கணக்கெடுப்பில் 100 அளவுக்கு உயர்ந்தன.

மனிதனும் இரையாகும் இடம்

விசைப்படகின் மேல்தளத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார். அவர் காட்டில் இறங்க அனுமதியில்லை. ஆனால் அதே ஓடையின் கரையோரம் ஒரு சிறு படகு அமைதியாய் நகர்வதையும் அவர் காணலாம். அதில் இருப்பவர்கள் நண்டு பிடிக்கிறவர்கள். சித்திரை, வைகாசியில் தேன் எடுக்கவும் ஆட்கள் காட்டுக்குள் செல்கிறார்கள். அவர்கள் சேற்றில் இறங்கியே ஆகவேண்டும். புலி பதுங்குவதும் அங்கேதான்.

1980-களின் பிற்பகுதியில், புலி பின்னாலிருந்தே பாய்கிறது என்பதால், மனித முகமூடியைத் தலையின் பின்புறம் அணிந்துகொள்ளும்படி வனத்துறை ஏற்பாடு செய்தது. சில காலம் அது பலன் தந்தது. பின்பு புலிகள் அதற்குப் பழகிவிட்டன. பிற்பாடு கிராமங்களை ஒட்டிக் கட்டப்பட்ட நைலான் வலைவேலி, புலிகள் ஊருக்குள் வருவதைக் குறைத்தது. ஆனால் பிழைப்புக்காகக் காட்டுக்குள் செல்கிறவனை எந்த வேலியும் காக்காது. புலியால் கணவரை இழந்த பெண்களை அங்குள்ளோர் ‘பாக் பிதவா’, அதாவது புலி விதவை, என்றே அழைக்கிறார்கள். அனுமதியின்றி மையக் காட்டுக்குள் சென்றார் என்று கூறி இழப்பீடு மறுக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு இழப்பீடு வழங்குமாறு 2023-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபத்தை அறிந்தும் ஏன் செல்கிறார்கள்? 2009 மே மாதத்தில் ஐலா புயலும், 2020 மே மாதத்தில் அம்பன் புயலும் கரைகளை உடைத்துக் கடல்நீரை வயல்களில் பாய்ச்சின. உப்பேறிய மண்ணில் நெல் விளையவில்லை. அநேகர் பிழைப்புத் தேடிக் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் புறப்பட்டார்கள். ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு அந்தப் பாடு விளங்காததன்று. வீட்டில் தங்கியவர்களுக்கோ நண்டும் தேனுமே மிஞ்சின.

செல்ல விரும்புகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களில் செல்லுங்கள். சஜ்னேகாலியில் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் பெறலாம். உள்ளூர் வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் நாம் கொடுக்கும் கூலி, அவர்கள் வீட்டில் ஒருவராவது காட்டுக்குள் இறங்காதிருக்க உதவும். படகில் உரக்கப் பேசாதீர்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம். நெகிழிப் பைகளை நீரில் எறியாதீர்கள்.

மான் எந்தத் திசையை நோக்குகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரையோரம் செல்லும் அந்தச் சிறு படகையும் காட்டுங்கள். அதில் இருப்பவர் யார், எதற்காக அங்கு வந்திருக்கிறார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.