காதில் மின்னும் வைரம் எங்கே பிறந்தது?

சங்கரன்கோவிலில் ஆடித் தபசன்று கோமதி அம்மனைத் தரிசிக்க வரும் பெண்மணிகள் சிலருடைய காதில் வைரத் தோடு மின்னும். என்ன விலை, எத்தனை கல், நீரோட்டம் எப்படி என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். அந்தக் கல் எந்த நாட்டுப் பூமியில் பிறந்தது என்று கேட்டால் மட்டும் மௌனந்தான். தெரிந்து என்ன ஆக வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். தெரிய வேண்டியதற்குக் காரணம் உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேஸில் தேசத்துச் சுரங்கங்கள் வெளிப்படும் வரையில், உலகிற்கு வைரம் அளித்தது பெரும்பாலும் நமது பாரத நாடே. இன்றோ மத்தியப் பிரதேசத்துப் பன்னாவில் சிறிதளவு கிடைப்பதோடு சரி. சுரங்கம் வற்றினாலும் நம்மவரின் கைத்திறன் வற்றவில்லை. உலகில் பட்டை தீட்டப்படும் பத்து வைரங்களில் ஏறக்குறைய ஒன்பது சூரத் முதலிய நம் ஊர்களில்தான் தீட்டப்படுகின்றன. ஆனால் தீட்டுவதற்கு வரும் மூலக் கற்கள் அநேகமாக அயல்நாட்டுச் சரக்கே.

அங்கேதான் சங்கடம். 1990-களில் அங்கோலா, ஸியரா லியோன் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளில் கலகப் படையினர் வைரத்தை விற்று ஆயுதம் வாங்கினர். ஸியரா லியோனில் குழந்தைகளின் கைகளைக்கூட வெட்டினர். இதைத் தடுக்க, 2000 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் ஆலோசனை தொடங்கியது. அதன் பயனாக 2003 ஜனவரி 1 முதல் 'கிம்பர்லி ஏற்பாடு' அமலுக்கு வந்தது.

தீட்டாத கற்களை முத்திரையிட்ட பெட்டியில் வைத்தே அனுப்ப வேண்டும். காரட் எடை, மதிப்பு, அனுப்புவோர், பெறுவோர் ஆகிய விவரங்களுடன் ஏற்றுமதி நாட்டின் அத்தாட்சிப் பத்திரமும் கூடவே வர வேண்டும். ஆகாய மார்க்கமாக வந்திறங்கும் பெட்டியைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சுங்க அதிகாரிகள் விடுவிப்பார்கள். நம் நாட்டில் பத்திரம் வழங்கும் பொறுப்பு, 1966-ல் தோன்றிய ரத்தின ஆபரண ஏற்றுமதி வளர்ச்சிக் கழகத்தினுடையது. ஏற்பாட்டில் சேராத நாட்டோடு மூலக்கல் வியாபாரமே கூடாது.

ஏற்பாடு நல்லதுதான், ஆயினும் இரண்டு குறைகள் உண்டு. கலகக்காரர்களின் வைரத்தை மட்டுமே அது விலக்குகிறது. அரசாங்கப் படையே கொடுமை செய்தால் அதற்கு வாயில்லை. 2008-ல் ஸிம்பாப்வே நாட்டு மராங்கே வயல்களில் படையினர் பலரைச் சுட்டுக் கொன்றனர். அவ்வயல்களின் வைரத்திற்கு 2011-ல் ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. ஏற்பாடு உருவாகப் பாடுபட்ட 'குளோபல் விட்னஸ்' ஸ்தாபனம் அவ்வாண்டே மனம் கசந்து விலகியது.

இரண்டாவது குறை நம்மை நேரே தொடுவது. பட்டை தீட்டும் சக்கரத்தை அடைந்ததும் பத்திரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. தீட்டிய கல்லுக்குத் துணை, வியாபாரிகள் தங்களுக்குள் கொடுக்கும் பில்லில் எழுதுகிற உறுதிமொழி ஒன்றுதான்.

தங்கம் வாங்கும்போது ஹால்மார்க் முத்திரையைப் பார்த்து வாங்க நாம் பழகிவிட்டோம். வைரம் வாங்கும்போதும், "நீங்கள் கொள்முதல் செய்த பில்லில் அந்த உறுதிமொழி இருக்கிறதா? கல் எந்த நாட்டைச் சேர்ந்தது?" என்று கேட்போமாக. முதல் நாளே பதில் வராமற் போகலாம். ஆனால் கேட்பவர் இல்லாத கேள்விக்கு எந்த வியாபாரியும் பதில் தேடி வைக்கமாட்டார். நம் பெண்ணின் காதில் ஏறும் கல், இன்னொரு தாயின் கண்ணீரில் நனைந்ததாக இருக்கலாகாது அல்லவா?