வேலியில்லா விளையாட்டரங்கு

விளையாட்டுக்களைக் கண்டு மகிழ விரும்புவோர் அரங்குகளை நாடிச் செல்வர். அங்கே நுழைவுச் சீட்டு உண்டு, இருக்கை உண்டு, ஆடுவோரையும் காண்போரையும் பிரிக்கும் வேலியும் உண்டு. ஆனால், ஒரு நாட்டின் சாலைகளையே அரங்காகக் கொண்டு நடைபெறும் விளையாட்டும் உலகில் உள்ளது. பிரஞ்சு நாட்டில் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் மிதிவண்டிப் பந்தயமே அது. சாலையோரத்தில் நின்று அதனைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. செல்வரும் வறியவரும், முதியவரும் சிறுவரும் ஒரே வரிசையில் நின்று காணலாம்.

இப்பந்தயம் 1903 ஆம் ஆண்டில் 'லோட்டோ' என்னும் செய்தித்தாளால் தொடங்கப்பெற்றது. தாளின் விற்பனையைப் பெருக்குதலே அதன் நோக்கம். முதற் பந்தயத்தில் 60 வீரர் புறப்பட்டனர். 2,428 கிலோமீட்டரைக் கடந்து இறுதிவரை சென்றவர் 21 பேரே. இக்காலத்தில் பந்தயம் 21 கட்டங்களாக மூன்று வாரம் நடைபெறுகின்றது. தூரம் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க ஒரு வீரர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, அவற்றையெல்லாம் கூட்டுவர். கூட்டுத்தொகை யாருக்கு மிகக் குறைவோ, அவரே முதல்வர். அவர் மஞ்சள் நிறச் சட்டையை அணிந்து செல்வார். 1919 ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் இருந்து வருகின்றது.

பந்தயத்தைக் காணும் ஆர்வலர், தாம் நிற்கும் இடத்தை எண்ணித் தேர்ந்துகொள்வர். சமவெளியில் வீரர்கள் ஒரே திரளாகச் செல்வர். முன்னே செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போவதால், அவரை ஒட்டிப் பின்செல்பவருக்கு உழைப்புக் குறைகின்றது. மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அத்திரள் கண்ணெதிரே பாய்ந்து மறையும். பல மணி நேரம் காத்திருந்தவருக்கு அரை நிமிடமே காட்சி கிட்டும். மலைச்சாலையிலோ நிலைமை வேறு. ஏற்றத்தில் வேகம் பாதியாகக் குறையும்; திரள் சிதறும்; வீரர் ஒருவர்பின் ஒருவராக வருவர். ஆகவே ஆர்வலர் மலையை நாடுகின்றனர்.

அத்தகைய மலைச்சாலைகளுள் புகழ் மிக்கது ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள ஆல்ப் துவெஸ். அடிவாரத்திலிருந்து 21 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மேலேறுகின்றது இச்சாலை. 1952 ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பந்தயம் இங்கு வந்தபோது, இத்தாலிய வீரர் பௌஸ்தோ கோப்பி வெற்றி பெற்றார். பந்தயம் இங்கு வரும் ஆண்டுகளில் மக்கள் பல நாட்களுக்கு முன்பே வந்து கூடாரம் அடித்துத் தங்குவர். அங்கேயே சமைத்து உண்பர். தாம் விரும்பும் வீரரின் பெயரைச் சாலையில் வண்ணத்தால் எழுதுவர். ஏழாம் வளைவில் டச்சு நாட்டு மக்கள் செம்மஞ்சள் உடையணிந்து கூடுவர். பந்தய நாளன்று முதலில் விளம்பர ஊர்திகள் அணிவகுத்து வரும். 1930 ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. ஊர்திகளிலிருந்து வீசப்படும் தொப்பிகளையும் தின்பண்டங்களையும் பிடிப்பதற்குச் சிறுவர் போட்டியிடுவர்.

பின்னர் வானில் ஹெலிகாப்டரின் ஒலி எழும். 'வருகின்றனர், வருகின்றனர்' என்னும் குரல் வளைவுக்கு வளைவு பரவும். முதல் வீரர் தோன்றுவார். அவர் நெற்றி வியர்வையும், திறந்த வாயும், மூச்சின் ஒலியும் கைக்கெட்டும் தொலைவில் புலனாகும். அவர் சென்ற பிறகும் கூட்டம் கலைவதில்லை. பின்தங்கியோர் குழுவாக வருவர். குறித்த கால எல்லைக்குள் உச்சியை அடையாவிடில் அவர்கள் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவர். வெற்றிக்கு வாய்ப்பில்லை என அறிந்தும் தளராது ஏறும் கடைசி வீரருக்கும் மக்கள் கைதட்டுவர். வென்றவரை மட்டுமன்றி முயன்றவரையும் போற்றும் இப்பண்பு, அக்கூட்டத்தின் பெருமையாகும்.

எனினும், இத்துணை அண்மையில் நிற்பதில் இடரும் உண்டு. முடிவிடத்தை அடுத்த பகுதிகளிலன்றி நீண்ட சாலை முழுவதும் தடுப்பு அமைத்தல் இயலாது. 1975 ஆம் ஆண்டில், ஐந்து முறை வாகை சூடிய பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ், மஞ்சட் சட்டையுடன் புய் தெ தோம் மலையில் ஏறிக்கொண்டிருந்தார். அப்பொழுது கூட்டத்திலிருந்த ஒருவர் அவர் விலாப்புறத்தில் குத்தினார். வலியோடு பந்தயத்தைத் தொடர்ந்த மெர்க்ஸ், அவ்வாண்டு இரண்டாம் இடமே பெற்றார். தோல்விக்கு அக்குத்து ஒன்றே காரணம் எனக் கூற இயலாது. ஆயினும் அதன் களங்கம் மறையவில்லை.

தீய எண்ணம் இல்லாதவராலும் தீங்கு நேர்வதுண்டு. 1999 ஆம் ஆண்டில் ஆல்ப் துவெஸ் உச்சியை நெருங்கிய குவெரினி என்னும் இத்தாலிய வீரர், நடுச்சாலையில் நின்று நிழற்படம் எடுத்த ஒருவர்மேல் மோதி வீழ்ந்தார். நல்வாய்ப்பாக எழுந்து சென்று அக்கட்டத்தை வென்றார். 2021 ஆம் ஆண்டின் முதல் நாளில், ஒருவர் வீரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தொலைக்காட்சியில் தெரியுமாறு ஓர் அட்டையைச் சாலைக்குள் நீட்டினார். அதில் மோதி ஒரு வீரர் விழவே, அவரைத் தொடர்ந்து பலர் அடுக்கடுக்காக வீழ்ந்தனர். நீதிமன்றம் அட்டை நீட்டியவருக்கு 1,200 யூரோ தண்டம் விதித்தது.

ஒரு நொடித் தடையும் இப்பந்தயத்தில் சிறிதன்று. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிரெக் லெமாண்டு மூன்று வாரப் பந்தயத்தை எட்டே வினாடி வேறுபாட்டில் வென்றார். 2024 ஆம் ஆண்டில் மகளிர் பந்தயம் ஆல்ப் துவெஸ் உச்சியில் முடிவுற்றபோது, போலந்து வீராங்கனை காசியா நியெவியாதோமா வென்றது நான்கே வினாடியில். சாலைக்குள் நீளும் ஒரு கை, பல்லாண்டு உழைப்பின் பயனை அழித்துவிடக் கூடும்.

ஆதலின் நல்ல ஆர்வலர் சில நெறிகளைப் போற்றுகின்றனர். சாலையின் விளிம்பைத் தாண்டாது நிற்பர், வீரருடன் ஓடார், அவரைத் தள்ளிவிட்டு உதவவும் முயலார், குழந்தைகளைக் கைப்பிடித்து நிறுத்துவர், வீரர்கள் வரும் திசையிலேயே கண்ணை வைப்பர். காவலர் எல்லா இடத்திலும் நிற்றல் இயலாது. வேலியில்லா அரங்கில் காண்போர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே வேலியாதல் வேண்டும். அவ்வடக்கம் உள்ளவரையில்தான் அவ்வரங்கு எல்லார்க்கும் திறந்திருக்கும்.