உங்களுக்குத் தெரியுமா? துண்டாடலில் நல்லதும் உண்டு!
மலேசியாவின் பேராக் தோட்டத்துக்காரர்களிடம் ‘துண்டாடல்’ என்று சொன்னாலே வயிறு கலங்கும். 1950களில் ரப்பர்த் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் இழந்தன. அதற்கு மாற்றாகத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

மென்பொருளில் கதை தலைகீழ். சென்னையில் 2010இல் பிறந்த வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்டெஸ்க், மறு ஆண்டே சேவையை வெளியிட்டது. அப்போது எல்லா வாடிக்கையாளர்களின் விவரங்களும் ஒரே தரவுத்தளத்தில். அவசரத்துக்கு அது போதும். கூட்டம் பெருகியதும் அந்தத் தரவுத்தளத்தைத் துண்டாடினார்கள், பால்வெட்டுக்காரருக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல. வாடிக்கையாளர் கூடினால் இன்னொரு துண்டு சேர்க்கலாம். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற நிரைகளில் பால் வடிந்துகொண்டே இருக்கும்.