மதுவுக்கு ஒரு மாத விடுமுறை

மாலையில் இரண்டு பெக். தள்ளாடுவதில்லை, தகராறு இல்லை, மறுநாள் அலுவலகத்துக்கும் தாமதமில்லை. 'நானெல்லாம் குடிகாரனா?' என்று கேட்கும் இந்த ரகத்தினரைத்தான் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக ஒரு ஃபுல் விஸ்கி அளவுக்குக் குடித்துவந்த 94 பேர் ஒரு மாதம் மதுவைத் தொடவில்லை. ஒப்பீட்டுக்காக 47 பேர் வழக்கம்போல் குடித்தார்கள்.

2018ல் வெளியான முடிவு: நிறுத்தியவர்களுக்கு, நீரிழிவுக்கு வழிவகுக்கும் இன்சுலின் எதிர்ப்பு சுமார் 26 சதவிகிதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் எடையும் இறங்கின. உணவும் உடற்பயிற்சியும் இதற்குக் காரணமல்ல. குடித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. மது உள்ளே வந்ததும் அதை அகற்றுவதே அதற்கு முதல் வேலை. கொழுப்பை எரிக்கும் பணி தள்ளிப்போகிறது, கொழுப்பு சேர்கிறது. மது நின்றால் பாக்கி வேலையைக் கல்லீரல் தீர்க்கத் தொடங்குகிறது.

மீண்டும் பழைய அளவுக்குப் போனால் பலன் நிலைக்குமா? சந்தேகம்தான். ஆனால் 2013ல் பிரிட்டனில் தொடங்கிய 'மதுவற்ற ஜனவரி' இயக்கத்தில் சேர்ந்தவர்களை சசெக்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்தபோது, ஆறு மாதம் கழித்தும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே குடித்தது தெரிந்தது. பாதியில் தோற்றவர்களிடம்கூட ஓரளவு மாற்றம்.

ஒரு எச்சரிக்கை: குடிக்காவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவர்களுக்குத் தேவை விடுமுறை அல்ல, மருத்துவர்.

மற்றவர்களுக்கு இது செலவில்லாத பரிசோதனை. ஒரு மாதம்கூட முடியவில்லை என்றால், அதுவும் ஒரு முடிவுதான்.